சாக்குப்பையில் சாவு: ஓர் அப்பலாச்சிய இளையோர் நாவல் உருவான விதம்

பின்னணி

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு மாயக்கதை, முதல் வரைவிலிருந்து அச்சுப் புத்தகமாகும் வரை எப்படி மாறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எழுதியவர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைப்பகுதியில், அதாவது அப்பலாச்சிய மலைத்தொடரில், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சேர்ந்திருந்த எழுத்துக் குழுவில் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை என்னுடையது. குழுவில் ஒரு குழந்தைகள் நூலகரும் இருந்தார். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரையும் நூலின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

இந்த நாவலில் மாயம் முழுவதும் ஒரு நிலத்திலிருந்து வருகிறது. அதனால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே ஃபான்டானா அணையைக் கட்டும் வேலை 1942இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். விமானங்களுக்கு அலுமினியம் வேண்டும், அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டும். 480 அடி உயர அணை எழும்பி 1944 நவம்பரில் நீர் தேங்க ஆரம்பித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன. பலருடைய வீடுகளோடு, அந்த ஊர்களை இணைத்த 288ஆம் எண் சாலையும் முழுகிப்போனது. போர் முடிந்ததும் ஏரியின் வடகரையில் புதுச்சாலை போட்டுத் தருவதாக 1943இல் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. சில மைல் தூரச் சாலையும் ஒரு சுரங்கவழியும் போட்டதோடு வேலை நின்றுவிட்டது. உள்ளூர்க்காரர்கள் அதை ‘எங்கும் போகாத சாலை’ என்று அழைக்கிறார்கள். கடைசியில் 2010இல், சாலைக்குப் பதிலாக 5.2 கோடி டாலர் தருவதென்று மாவட்டத்தோடு உடன்பாடு ஏற்பட்டது.

சாலைதான் வரவில்லை; கல்லறைகள் வடகரையிலேயே இருக்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட சிறு இடுகாடுகள் இப்போது தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருகின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்து, குறிப்பிட்ட நாட்களில் பூங்கா நிர்வாகம் குடும்பங்களைப் படகில் அக்கரைக்கு அழைத்துப் போகிறது. ஆண்டுக்கொரு முறை கல்லறைகளைச் சுத்தம் செய்து, மண்ணைக் குவித்து, பூ வைத்து, பாட்டுப் பாடி, கொண்டுபோன சாப்பாட்டை எல்லாரும் பகிர்ந்து உண்டுவிட்டுத் திரும்புவார்கள். அலங்கார நாள் என்று அதற்குப் பெயர். எழுத்தாளரின் தாய்வழிக் குடும்பமும் அந்தப் படகில் போகும் குடும்பம்தான்.

முதல் வரைவில் கண்டது

முதல் வரைவின் கதை இது: நம் காலத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நோய்வாய்ப்பட்ட பாட்டியைக் காப்பாற்ற ஏரியின் அடியிலிருக்கும் ஊருக்குள் இறங்குகிறாள். அங்கே அந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் கதைகளில் வரும் கொம்புப் பாம்பான உக்டேனா அவளை எதிர்க்கிறது. ரயில் சுரங்க வேலையில் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் கறுப்பினத் தொழிலாளி, சம்மட்டி தூக்கிய ஜான் ஹென்றி வழிகாட்டுகிறார். மேற்கு வர்ஜீனியாவின் அந்துப்பூச்சி மனிதன் வானத்தில் சுற்றுகிறான். டென்னசியின் பெல் சூனியக்காரி குரல் கொடுக்கிறாள். மரம் வெட்டும் ராட்சதன் பால் பனியன்கூட ஓர் அத்தியாயத்தில் வந்து போகிறான்.

வாக்கியங்கள் நன்றாக இருந்தன. எழுத்தாளருக்கு நாட்டார் கதைகள் மேல் இருந்த அன்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. ஆனால் படித்து முடித்ததும் மனதில் நின்றது ஒரே ஒரு காட்சிதான்: பாட்டி படகில் உட்கார்ந்து, மடியில் காகிதப் பூக்கள் இருந்த அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் பார்த்தபடியே வருவது. அதில் மாயம் எதுவுமே இல்லை. மாயம் இருந்த காட்சிகளோ ஒன்றும் ஒட்டவில்லை.

காரணத்தைத் தேட, ஒவ்வொரு பாத்திரமும் எங்கிருந்து வந்தது என்று குழுவில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பால் பனியன் வட மாநிலங்களின் மரவெட்டிகளுடைய ஆள். அவன் நாடெங்கும் பரவியதற்கு, 1914 முதல் ஒரு மரக் கம்பெனி வெளியிட்ட விளம்பரச் சிறுநூல்கள் பெரிய காரணம். அந்துப்பூச்சி மனிதன் 1966 நவம்பரில் பாயின்ட் பிளசன்ட் என்ற ஊரில் தொடங்கிய பேச்சு; மறு ஆண்டு டிசம்பரில் அங்கே பாலம் இடிந்து 46 பேர் இறந்ததோடு பிணைந்தது. அந்த ஊருக்கு அது துக்கத்தோடு சேர்ந்த நினைவு. ஜான் ஹென்றியின் கதை 1870களின் ரயில் சுரங்கப் பணிகளிலிருந்து எழுந்தது. அவர் மேற்கு வர்ஜீனியாவின் பிக் பெண்ட் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பது மரபு. வர்ஜீனியாவின் லூயிஸ் சுரங்கத்தில் வாடகைக்கு விடப்பட்ட கறுப்பினக் கைதி அவர் என்று வாதிடும் வரலாற்றாளரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அது வேலையே ஒரு மனிதனைக் கொன்ற கதை. அந்த மனிதரை ஒரு வெள்ளைச் சிறுமிக்கு வழிகாட்டும் துணைப்பாத்திரமாக நிறுத்தினால் அவருடைய சாவு எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு வரைவில் பதில் இல்லை.

அமெரிக்காவில் இந்த வகை எழுதுபவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது என்பது என் அபிப்பிராயம். அந்த நாட்டுக்கு மொத்தமாக ஒரே நாட்டார் மரபு கிடையாது. மலைக்கு ஒன்று, கடற்கரைத் தீவுகளுக்கு ஒன்று, பாலைநிலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக, தனித்தனி உரிமையாளர்களோடு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கதையில் கொட்டினால் எதற்கும் விதி இருக்காது. விதி இல்லாத மாயத்தில் பிள்ளைகளுக்குப் பயமும் வராது, நம்பிக்கையும் வராது.

முதல் முடிவு: ஒரே ஒரு கதை

உக்டேனா தவிர மற்ற நான்கு மரபுகளையும் உடனே எடுத்துவிட்டு (உக்டேனாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்), எழுத்தாளரின் சொந்த மலையில் சொல்லப்பட்ட ஒரே கதையை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். அவர் சிறுவயதில் தாத்தாவிடம் கேட்ட ஜாக் கதைகளில் ஒன்று கையிலேயே இருந்தது.

ஜாக் கதைகள் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்து இந்த மலைகளில் வேரூன்றியவை. நாங்கள் எடுத்துக்கொண்டது சிப்பாய் ஜாக்கின் கதை. ஜாக் படையிலிருந்து வீடு திரும்புகிறான், கையில் இரண்டு ரொட்டி. வழியில் ஒரு பிச்சைக்காரருக்கு முழு ரொட்டி கொடுக்கிறான். அடுத்தவருக்குப் பாதி. கொஞ்ச தூரம் போனதும் அது நியாயமில்லை என்று தோன்ற, திரும்பி ஓடி மீதியையும் கொடுக்கிறான். பதிலுக்கு ஒரு சாக்குப்பை கிடைக்கிறது. தட்டிக் கூப்பிட்டால் எதுவானாலும் அதற்குள் வந்து விழும். பிற்பாடு ராஜாவின் மகள் சாகக் கிடக்கும்போது, சாவையே சாக்குக்குள் பிடித்து மரத்தின் உச்சியில் கட்டித் தொங்கவிடுகிறான். ஆண்டுகள் போகின்றன. ஒருநாள் கூனிக் குறுகிய கிழவி ஒருத்தியைப் பார்க்கிறான். எவனோ ஒரு முட்டாள் சாவைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டான், யாராலும் சாக முடியவில்லை என்று அவள் புலம்புகிறாள். ஜாக் போய்ச் சாக்கை இறக்கித் திறக்கிறான்.

பாட்டிக்காகப் போராடும் சிறுமி என்று நாவலில் ஏற்கெனவே இருந்ததற்கு இது அச்சு அசலாகப் பொருந்தியது. இன்னொரு காரணமும் உண்டு. இளையோர் நாவலில் பிள்ளை வளர்வது வேறெங்கோ நடந்து, மாயம் பக்கத்தில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. இங்கே சாக்கைக் கட்டுவதும் அவள் கை, அவிழ்ப்பதும் அவள் கை. வளர்வது என்பது அந்த இரண்டு செயல்களுக்கும் நடுவில்தான் நடந்தாக வேண்டும்.

மூலத்தைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எழுத்தாளரின் மேசையில் இருந்தது ரிச்சர்ட் சேஸ் 1943இல் வெளியிட்ட தொகுப்பு. பல கதைசொல்லிகளின் வடிவங்களை இணைத்துத் தன் கைவண்ணமும் சேர்த்து அவர் எழுதியது அது. கதை எல்லாருக்கும் சொந்தம். சேஸின் வாக்கியங்கள் அப்படியல்ல. எனவே அதை மூடி வைத்துவிட்டு, கதைசொல்லிகளிடம் நேராகப் போனோம். ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரின் ஜேன் ஜென்ட்ரி சொன்னவற்றை 1923இல் சேகரித்து 1925இல் ஒரு நாட்டாரியல் இதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அவருடைய மகள் மாட் லாங் 1947இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்காகச் சொன்ன கதைகளின் ஒலிப்பதிவு இருக்கிறது. பீச் மலையின் ரே ஹிக்ஸ், 1983இல் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றவர், அவர் குரலும் பதிவில் இருக்கிறது. எழுத்தாளர் இவற்றைக் கேட்ட பிறகு உரைநடையே மாறிவிட்டது. வர்ணனை குறைந்தது. ஜாக் கதைசொல்லிகள் அதிசயத்தைக் கண்டு வியப்பதே இல்லை. சாக்குக்குள் சாவு விழுந்ததையும் மாடு தொழுவத்துக்குத் திரும்பியதையும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்தக் குரல்தான் நாவலுக்கும் வேண்டியிருந்தது.

காலத்தை மாற்றியது

கதையை நம் காலத்திலிருந்து 1970களின் கடைசிக்கு நகர்த்தினோம். காரணம் வெறும் கணக்கு. 1943இல் ஊரை விட்டவர், அங்கே தன் முதல் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர் என்றால், நம் காலத்தில் அவர் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. 1970களின் இறுதியில் அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. படகுப் பயணம் தொடங்கிய காலமும் அதுவே. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பார்க்காத கல்லறைக்குப் போக அனுமதி கிடைத்த வேளையில் பாட்டி படுக்கையில் விழுகிறார் என்றதும் கதைக்கு அவசரம் தானாக வந்துவிட்டது.

சிறுமிக்குச் சாக்கு கிடைக்கும் இடத்தையும் நிலமே கொடுத்தது. குளிர்காலத்தில் ஃபான்டானா ஏரியின் நீர்மட்டத்தைக் குறைப்பார்கள். அப்போது பழைய சாலையின் துண்டுகளும் அஸ்திவாரக் கற்களும் சேற்றுக்கு மேலே தெரியும். அந்தச் சாலைத் துண்டில் நடக்கும்போது சிறுமி ஒரு கிழவரைப் பார்த்துத் தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுக்கிறாள். அப்புறம் திரும்பி ஓடி மீதியையும் கொடுக்கிறாள்.

சாக்கைத் தொங்கவிட ஒரு மரம் வேண்டும் அல்லவா? செஸ்ட்நட் மரத்தை எழுத்தாளர்தான் சொன்னார். 1904இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் இந்த மலைகளின் செஸ்ட்நட் காடுகளையெல்லாம் அழித்தது. ஆனால் வேர் சாகவில்லை. இன்றும் பட்ட அடிமரத்திலிருந்து தளிர் விடும், கொஞ்சம் உயரும், மறுபடி நோய் தாக்கிக் காயும். வாழவும் முடியாமல் சாகவும் முடியாமல் நிற்கும் மரம். இதைவிடப் பொருத்தமான மரத்தை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

உக்டேனாவை நீக்கியது

இந்த முடிவுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. எழுத்தாளருக்கு மனக்கஷ்டமும் இருந்தது. பாம்பு வரும் அத்தியாயங்களே அவருக்கு மிகவும் பிடித்தவை. “1900லேயே ஜேம்ஸ் மூனி சேகரித்து அச்சில் வந்துவிட்ட கதைதானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே” என்று கேட்டார். சட்டப்படி தடையில்லை. ஆனால் அந்தக் கதைகளின் சொந்தக்காரர்களான கிழக்கு செரோக்கி மக்கள் அதே மலையில், குவாலா எல்லைப்பகுதியில், பக்கத்திலேயே வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் வெளியிடுவது சரியாகப் படவில்லை.

அங்கே கல்வித்துறையில் வேலை பார்க்கும் ஒருவர் வரைவைப் படிக்கச் சம்மதித்தார். பாம்பைப் பற்றி அவர் சொன்னது சுருக்கம்: உக்டேனாவுக்கு அவர்களுடைய கதைகளில் ஓர் இடமும் காரணமும் இருக்கிறது, இங்கே அது வெறும் வில்லன், அதனால் எடுத்துவிடுவது நல்லது. ஆனால் அவரைக் கூடுதலாக உறுத்தியது வேறொன்று. “உங்கள் கதையில் இந்த நிலத்தை இழந்தவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான். 1943இல்தான் எல்லாம் தொடங்கியது போல இருக்கிறது” என்றார்.

1838இல் செரோக்கி மக்களில் பெரும்பாலோரை ராணுவம் மேற்கே துரத்தியது. ஏரிக்குச் சற்று மேலே, பிரைசன் சிட்டிக்கு அருகிலுள்ள கிட்டுவா அவர்களுடைய தாய் ஊர். அந்த நிலத்தில் 300 ஏக்கருக்கு மேல் 1996இல்தான் கிழக்கு செரோக்கியினர் விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். இது எதுவும் வரைவில் இல்லை.

எடுத்த முடிவு: பாம்பு முழுமையாக வெளியே. செரோக்கி மாயம் எதுவும் வேண்டாம். அதற்குப் பதிலாகப் பாட்டியின் வாயில் சில வரிகள். ஊரை விட்டு வந்த நாளைப் பற்றிப் பாட்டி பேசும்போது, தன் கொள்ளுத்தாத்தாவுக்கு அந்த நிலம் எப்படிக் கிடைத்தது, அதற்கு முன் அங்கே யார் சோளம் விதைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். குரலை உயர்த்தாமல், தன்னை நியாயப்படுத்தாமல். புத்தகத்தில் ஒரு பக்கம்கூட வராத இந்தப் பேச்சு பாட்டியின் பாத்திரத்தை மிகவும் உயர்த்திவிட்டது. தன் துக்கத்தைச் சொல்லும்போதே அடுத்தவர் துக்கத்துக்கும் இடம் விடும் மனுஷியாக அவர் ஆனார்.

பிள்ளைகள் முன் வாசித்தது

இரண்டாம் வரைவைப் பள்ளி முடிந்த பிறகு நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம், பெற்றோர் சம்மதத்தோடு, வாரம் சில அத்தியாயங்களாக வாசித்துக் காட்டினோம். வாசித்தவர் நூலகர். நான் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கே நெளிகிறார்கள், எங்கே நிமிர்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

முதலில் தெரிந்தது வட்டார வழக்குப் பிரச்சினை. பாட்டியின் பேச்சை உச்சரிப்புப்படி எழுத்துகளைச் சிதைத்து எழுதியிருந்தார் எழுத்தாளர். நூலகர் வாசித்தபோது ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் தாங்களே படித்தபோது தடுக்கித் தடுக்கி நின்றார்கள். மலைக்காரப் பையன் ஒருவன், “எங்க தாத்தாவக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு” என்றான். அமெரிக்காவில் அப்பலாச்சிய மலை மக்களைப் படிக்காதவர்கள், முரடர்கள் என்று காட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கேலிக்கு இந்தச் சிதைத்த எழுத்து முக்கியமான கருவி. எழுத்துகளை வழக்கமான முறைக்கு மாற்றி, மலை வழக்கின் வாக்கிய அமைப்பையும் சொற்களையும் மட்டும் அப்படியே வைத்தோம். இப்போது காதுக்குக் கேட்டது, கண்ணை உறுத்தவில்லை.

அடுத்தது, நாங்கள் யாரும் யோசிக்காத இடத்திலிருந்து வந்தது. சாவு சாக்குக்குள் விழுந்து பாட்டி கண் திறந்ததும், அடுத்த அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமைக் கோழி விருந்தோடு தொடங்கியிருந்தது. வாசிப்பு நின்றது. ஒரு சிறுமி கையைத் தூக்கி, “சாவு சாக்குல இருந்தா கோழி எப்படிச் செத்துச்சு?” என்றாள். அறை முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. கொசு? மீன்? இலை? எதுவும் சாகாவிட்டால் எதைச் சாப்பிடுவார்கள்? பின்னாலிருந்து இன்னொருவன் மெதுவாகக் கேட்டான்: “பாட்டிக்கு வலி போயிடுச்சா? இல்ல வலியோடவே இருப்பாங்களா?”

இந்த இரண்டு கேள்விகளும்தான் நாவலின் நடுப்பகுதியைத் திரும்ப எழுத வைத்தன. நாட்டார் மரபும் பிள்ளைகள் பக்கம்தான் இருந்தது: ஸ்காட்லாந்தின் நாடோடி மக்கள் சொல்லும் இதே வகைக் கதை ஒன்றில் ஜாக் சாவை ஒரு கொட்டைக்குள் அடைத்துவிடுகிறான், அன்று முட்டை உடைய மறுக்கிறது. எழுத்தாளர் கோழி விருந்தை எடுத்துவிட்டு எழுதிய பகுதியின் சாரம் இது:

*அப்பா பிடித்து வந்த ட்ரவுட் மீனைக் கழுவி, சோளமாவில் புரட்டி, அம்மா எண்ணெயில் போட்டாள். மாவு பொன்னிறமானது. செவுள் திறந்து மூடியது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா மீனை வாளியில் போட்டு, இருட்டில் ஓடைக்கு எடுத்துப் போனார். உள்ளறையில் பாட்டி முனகுவது கேட்டது. சாக்கு எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.*

இதை வாசித்த நாளில் நெளிந்தவர்கள் யாரும் இல்லை. முதலில் ஆச்சரியம், பிறகு அசௌகரியம், பிறகு தான் செய்தது என்ன என்ற உணர்வு என்று சிறுமியின் மனம் போகும் பாதையைப் பெரியவர் யாரும் விளக்கத் தேவையில்லாமல் போனது. அதுவரை அம்மா சொல்லும் ஒரு நீண்ட அறிவுரை வரைவில் இருந்தது. அதையும் வெட்டினோம்.

முடிவை மாற்றச் சொன்னார்கள்

கைப்பிரதியைப் பார்த்த ஒரு பெரிய பதிப்பகத்தின் ஆசிரியர் ஆர்வம் காட்டினார். இரண்டு மாற்றங்கள் கேட்டார். பாட்டி பிழைக்க வேண்டும். தொடர்நாவலுக்கு வசதியாக இன்னும் சில மலைப் பேய்களைச் சேர்க்க வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளை சாவைப் படிக்கலாமா என்பது லேசான கேள்வி இல்லை. குழுவிலேயே இரண்டு கருத்து இருந்தது. ஆனால் பாட்டி பிழைத்தால் சிறுமி சாக்கை அவிழ்ப்பதற்கு அர்த்தமே இல்லை. சாவைத் திறந்துவிட்டாலும் தன் வீட்டுக்கு மட்டும் அது வராது என்றால், அவள் விட்டுக்கொடுத்தது என்ன? எழுத்தாளர் யோசித்துவிட்டு மறுத்தார். இவ்வளவு நல்ல வாய்ப்பை விட்டுவிடுவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

முடிவைச் சொல்லும் விதத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்தார். முதலில் பாட்டி வீட்டுப் படுக்கையில் இறப்பதாக இருந்தது. புதிய வடிவில், பாட்டியையும் படகில் ஏற்றிக் கல்லறைக்கு அழைத்துப் போகிறார்கள். தன் பிள்ளையின் கல்லறையில் மண்ணைக் குவித்துப் பூவும் வைத்த பிறகு, பாட்டியே பேத்தியிடம், “சாக்கு உன்கிட்டதானே இருக்கு?” என்று கேட்கிறார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அன்று அவர் இறப்பதில்லை. வீடு திரும்பி, சில நாள் கழித்து, எல்லாருக்கும் வருவதுபோல அவருக்கும் வருகிறது. அலங்கார நாளின் கூட்டத்துக்கு நடுவே நாடகமாகச் சாவைக் காட்டாதது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

என்ன நடந்தது

அதே மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு பதிப்பகம் கைப்பிரதியை ஏற்றது. அவர்களுடைய ஆசிரியர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: வடகரையின் நிஜ இடுகாட்டுப் பெயர் எதையும் பயன்படுத்தக் கூடாது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் படகில் போகின்றன. கதையைப் படித்த யாரோ இடம் தேடிப் போய் நிற்பதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். ஏரி, அணை, சாலை எல்லாம் நிஜப் பெயரில் இருக்க, இடுகாடும் ஊரும் மட்டும் கற்பனைப் பெயர் பெற்றன. புத்தகம் வந்த சில மாதங்களில் பிள்ளைகள் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடுவதாகப் பள்ளி ஆசிரியர்கள் எழுதினார்கள். எச்சரிக்கை வீண்போகவில்லை.

வரவேற்பு ஒரே மாதிரி இல்லை. அந்த வட்டாரப் பள்ளி நூலகங்கள் வாங்கின. பாட்டியையோ தாத்தாவையோ இழந்த பிள்ளைகளிடமிருந்து எழுத்தாளருக்குக் கடிதங்கள் வந்தன. ஒரு பள்ளியில், சாவை ஒரு பாத்திரமாகக் காட்டுவது தங்கள் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று சில பெற்றோர் ஆட்சேபித்தார்கள். நூலகர் வாதாடவில்லை, முதலில் அவர்களே படித்துப் பார்க்கும்படி புத்தகத்தைக் கொடுத்தார். சிலர் மனம் மாறினார்கள், சிலர் மாறவில்லை. வகுப்பில் எல்லாரும் படிக்க வேண்டிய நூலாக இல்லாமல், விரும்பியவர்கள் எடுத்துப் படிக்கும் நூலாக அங்கே இருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே விற்பனை குறைவு. பெரிய பதிப்பகம் கேட்ட மாற்றங்களைச் செய்திருந்தால் நிச்சயம் கூடுதலாக விற்றிருக்கும்.

இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், படகுக் காட்சியில் சாப்பாட்டைப் பற்றிய விவரம் போதாது என்று எழுத்தாளரிடம் நேரில் சொன்னார். கல்லறை வேலை காலையில் முடிந்துவிடும், அந்த நாளின் பெரும்பகுதி சாப்பாடும் பேச்சும்தான், யார் வீட்டுப் பலகாரம் எது என்று எல்லாருக்கும் தெரியும் என்றார். மறுபதிப்பில் அந்தப் பகுதி விரிந்தது.

இனி மாறுபவை

செரோக்கி வாசகரை இரண்டாம் வரைவுக்குப் பின்னால் அணுகியது மிகவும் தாமதம். வரைவு அந்த அளவுக்கு வளர்ந்த பிறகு எதையாவது நீக்கச் சொல்வது இரு தரப்புக்கும் சங்கடம். அடுத்த முறை, கதையின் சுருக்கம் ஒரு பக்கம் தயாரானதுமே கேட்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலியும் முதலிலேயே பேசிவிட வேண்டும். இந்த முறை நன்றியுரையில் குறிப்பிட்டதோடு சரி.

பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுவதையும் முன்னால் கொண்டுவர வேண்டும். மாயத்தின் விதியைச் சோதிக்க நாவல் முழுக்க முடிந்திருக்கத் தேவையில்லை. கதையை வாயால் சொன்னாலே போதும், கோழிக் கேள்வி அங்கேயே வந்திருக்கும்.

புத்தகத்தின் பின்னிணைப்பாக அணை, சாலை, ஜாக் கதைகள் பற்றி எழுத்தாளர் ஒரு குறிப்பு சேர்த்தார். அது நீளம். பிள்ளைகள் படிக்கவில்லை, ஆசிரியர்கள் படித்தார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு சிறு வழிகாட்டியும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எழுத்தாளர் இப்போது இரண்டாவது நாவலுக்கு இறங்கியிருக்கிறார். அதே மலை, வேறொரு ஜாக் கதை, மரமறுக்கும் ஆலை ஊர். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கிறார். குவாலா வாசகருக்கான தொகையை இந்த முறை பதிப்பக ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.